ஈட்டுச் சான்றா, பிணைச் சான்றா? சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

உப்புவெளியிலிருந்து:
வணக்கம். சனிக்கிழமை உயர்தரப் பிள்ளைகளுக்குப் பிட்கொயின், எத்தீரியம், கார்டானோ என்ற மின்னாணயத் தளங்கள் மூன்றையும் ஒப்பிட்டு வகுப்பு. கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. கொடுக்கல் வாங்கல்களைத் தொகுதி தொகுதியாகக் கோத்து வைக்கும் பதிவேடான புளொக்செயினுக்குத் 'தொடரேடு' என்றே போட்டுவிட்டேன், அதைத் திரும்பக் கிளறாதீர்கள். பிட்கொயினின் 'ப்ரூஃப் ஒஃப் வேர்க்' முறைக்கு 'உழைப்புச் சான்று' போதும்: ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு தொகுதி, அதற்காகக் கணினிகள் போட்டி போட்டு மின்சாரம் எரிக்கின்றன. எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று அதைக் கைவிட்டது. இப்போது அதன் நாணயமான ஈதரில் குறைந்தது 32 கட்டிவைத்தவர்களே தொகுதிகளைச் சரிபார்க்கிறார்கள்; மின்செலவு 99 வீதத்துக்கு மேல் குறைந்தது. இந்த 'ப்ரூஃப் ஒஃப் ஸ்டேக்'குக்கு என்ன சொல்? 'பங்குச் சான்று' என்று எழுதினேன். கம்பனிப் பங்குப் பத்திரமா என்று ஒரு பிள்ளை கேட்டது.

தம்பலகாமத்திலிருந்து:
ரீச்சர், 'ஈட்டுச் சான்று' எழுதுங்கள். இடு என்பது முதல் நீண்டு ஈடு ஆனது. கெடு கேடானது போல, சுடு சூடானது போல. முதனிலை திரிந்த தொழிற்பெயர். இட்டுவைத்தது எதுவோ அதுவே ஈடு. காணி ஈடு வைத்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. 'பணயம்' மட்டும் வேண்டாம். வடமொழிப் 'பண'த்தின் வழி வந்த சொல், சூதில் வைக்கும் பொருள்.

கிண்ணியாவிலிருந்து:
ஐயா, ஈட்டு என்றதும் என் மகன் 'ஈட்டிய வருமானம்' என்றுதான் விளங்கிக்கொண்டான். பொடியன்கள் 'ஸ்டேக் பண்ணுறது' என்றுதான் கதைக்கிறார்கள், போனிலும் அப்படித்தான் தேடுகிறார்கள். 'ஸ்டேக்கிங்' என்றே எழுதினால் என்ன? பஸ்ஸை பஸ் என்றுதானே ஏறுகிறோம்.

தம்பலகாமத்திலிருந்து:
தம்பி, பஸ் ஒரு பொருள், கண்ணால் கண்டதும் விளங்கும். இது ஓர் ஏற்பாடு. சொல்லைப் பிரித்தால் ஏற்பாடு தெரிய வேண்டும். 'ஸ்டேக்'கைப் பிரித்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

திருகோணமலை நகரிலிருந்து:
நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். ஈடு என்பது கடனுக்கு வைப்பது. இங்கே யார் யாரிடம் கடன் வாங்கினார்கள்? 'ஒழுங்காக நடப்பேன்' என்று காசு கட்டிவைக்கிறார்கள். அதற்குப் பெயர் காசுப் பிணை. எத்தீரியத்தில் ஒரே கட்டத்துக்கு இரண்டு முரணான வாக்குப் போட்டால் கட்டிவைத்ததில் ஒரு பகுதி பறிபோகும். பிணையாளியின் காசும் அப்படித்தான் போகும். 'பிணைச் சான்று' என்றால் அந்தத் தண்டனையும் சொல்லுக்குள் வந்துவிடும். பிணைத்தல் என்ற வினையும் உடனிருக்கிறது, தொகுதியோடு தொகுதி பிணைவதுதானே தொடரேடு. பழம்பாட்டில் பிணை என்றால் பெண்மான், கலை ஆண்மான். கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் கலையும் பிணையும் சேர்ந்து நிற்கக் காணும்போதெல்லாம் இந்த இரு சொற்களும் எனக்கு நினைவு வரும்.

உப்புவெளியிலிருந்து:
மான்களைப் பிறகு பார்ப்போம், ஐயா. எனக்குப் 'பிணை' பிடித்திருக்கிறது.

மூதூரிலிருந்து:
அவசரப்படாதீர்கள் ரீச்சர். கார்டானோவில் அதன் நாணயமான ஏடாவைப் பூட்டிவைப்பதே இல்லை. உங்கள் சார்பில் தொகுதிகளை உருவாக்கும் ஒரு குழுமத்துக்கு ஒப்படைத்தாலும் காசு உங்கள் கையிலேயே இருக்கும், எந்நேரமும் செலவழிக்கலாம். குழுமம் பிழைவிட்டால் பரிசு குறையும், முதல் போகாது. பறிபோகாத காசு எப்படிப் பிணையாகும்? எத்தீரியம், கார்டானோ இரண்டுக்கும் பொதுவாகப் பார்த்தால், யாரிடம் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குச் சொல்லுரிமை என்பது மட்டும்தான் மிஞ்சும். நீங்கள் தள்ளிய 'பங்கு' அதற்குத்தான் பொருந்துகிறது.

கிண்ணியாவிலிருந்து:
அதனால்தான் ஸ்டேக்கிங் என்கிறேன். எந்தத் தளத்துக்கும் பொருந்தும்.

திருகோணமலை நகரிலிருந்து:
பொருந்துவது பொருள் சொல்லாததனால். கார்டானோவுக்கு ஒரு வரி விளக்கம் சேருங்கள், சொல்லை மாற்ற வேண்டாம்.

உப்புவெளியிலிருந்து:
மணி பன்னிரண்டாகிறது. தனி மடலில் எழுதிய இருவரையும் சேர்த்துப் 'பிணை'க்கு நால்வர். கையேட்டில் 'பிணைச் சான்று' போகிறது. கார்டானோவுக்குக் கீழே 'இங்கு பிணை பூட்டப்படுவதில்லை, பறிக்கப்படுவதுமில்லை' என்று எழுதிவிட்டேன்.

மூதூரிலிருந்து:
பூட்டாத, பறிக்காத பிணை. அந்த வரியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ரீச்சர்.

தம்பலகாமத்திலிருந்து:
அச்சுக்குக் கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும். ஆனால் நம் சொற்பட்டியலில் என் சொல் 'ஈட்டுச் சான்று' என்றே பதிந்திருக்க வேண்டும். கடன் இல்லாமலும் ஈடு உண்டு. அதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.