டைம் வால்ட்ஸ்: எந்தப் பதிப்பு வாங்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

1972-ல் குழு கலைந்து, 1975-ல் மறுபடி சேரும்வரையிலான ஒத்திகைகளையும் வெளிவராத பாடல்களையும் 1982-ல் 'டைம் வால்ட்ஸ்' என்று கேசட்டாக வெளியிட்டார்கள். பிறகு எல்பி, சிடி என்று பல பதிப்புகள். என்னிடம் இருப்பது ஒரு பழைய சிடி. அதில் 'ரோன்ஸ்வோ' பாட்டைக் கேட்டால் பீட்டர் ஹாமிலின் குரல் எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. மூல ஒலிநாடாவே சுமார்தான், தெரியும். ஆனால் டேவிட் ஜாக்சனின் சாக்ஸபோன் உச்சம் தொடும் இடங்கள் மழுங்கியிருப்பது, இரைச்சலைக் குறைக்கிறேன் என்று யாரோ அளவுக்கு மீறி வடிகட்டியதாலோ என்று சந்தேகம்.

முதல் கேசட் வைத்திருப்பவர்கள் அந்த ஒரு பாட்டை மட்டும் உங்கள் சிடியோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா? இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை, ஹியூ பான்டனின் ஆர்கன் முழுசாகக் கேட்கும் பதிப்புதான் வேண்டும்.

பிபிசி பதிவுகளின் 2015 தொகுப்பு, 'ஆஃப்டர் த ஃபிளட்', என்னிடம் இருக்கிறது. அருமை. அதனால் அது வேண்டாம். பதிப்பின் ஆண்டும் அட்டைப் படமும் போட்டால் தேட வசதியாக இருக்கும்.