ஆறடிப் பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு பொருந்தும்?

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை வாசி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் குடியிருக்கிறேன். வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி இருக்கிறது. கொள்ளளவு ஏறத்தாழ 650 லிட்டர். மேல்விளிம்பில் இரண்டு குறுக்குக் கண்ணாடிகள் ஒட்டப்பட்டுள்ளன. உப்புநீர் சீராகிக் கோமாளி மீன்கள் நலமாக உள்ளன. பாறைகளில் கோரலின் பாசியின் ஊதாப் பூச்சும் படரத் தொடங்கிவிட்டது. ஆகவே பவளங்களை வைக்கும் நேரம் வந்துவிட்டதென எண்ணுகிறேன்.

தயக்கமெல்லாம் விளக்கைப் பற்றித்தான். 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு மூன்று போடச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். எல்இடி போதும் என்கிறார் இன்னொருவர். டி5 குழல் விளக்கு தரும் நிறத்தை வேறெதுவும் தராது என்று மூன்றாமவர் அடித்துச் சொல்கிறார். இங்கே கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடுவதை அறிவீர்கள். மின்கட்டணமும் கவலை தருகிறது. முதலில் மென்பவளங்களும், அடுத்து நீண்ட கைகளை அசைக்கும் டார்ச், ஹேமர் பவள வகைகளும், ஓரிரு ஆண்டு கழித்து கிளைவிடும் பாறைப் பவளமான அக்ரோபோராவும் வைக்க ஆசை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: சித்தூர்ப்புழை

வணக்கம் நண்பரே. வாட் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். வாட் என்பது விளக்கு செலவழிக்கும் மின்சாரமே தவிர, பவளத்தைச் சென்றடையும் ஒளி அன்று. பவளத்தின் திசுவுக்குள் வாழும் ஜூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள்தாம் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கிப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கின்றன. அவற்றுக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியின் அளவைத்தான் ‘பார்’ (PAR) என்கிறோம். வெப்பமண்டலக் கடற்பரப்பில் நடுப்பகல் வெயிலில் அது 2000 அளவில் இருக்கும். தொட்டிக்கு அவ்வளவு வேண்டியதில்லை. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை, டார்ச், ஹேமருக்கு 80 முதல் 150 வரை, அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். நீங்கள் விரும்பும் வகைகள் ஒரே தொட்டியில் வாழ வேண்டுமானால், பாறையின் உச்சியில் 250, நடுவில் 120, மணலில் 70 என்ற அளவில் ஒளி கிடைக்குமாறு விளக்கை அமைக்க வேண்டும்.

பெரிய தொட்டிகளில் பலரும் கோட்டைவிடுவது ஒளியின் வலிமையில் அன்று, பரவலில்தான். செலவைக் குறைக்க எண்ணி ஆறடிக்கு இரண்டே விளக்கைத் தொங்கவிட்டு முழு அளவில் எரித்தால், விளக்குக்கு நேர் கீழே பவளம் வெளுத்துப் போகும். இரு ஓரங்களிலும் அதே வகைப் பவளம் ஒளி போதாமல் பழுப்பேறி நிற்கும். உங்கள் தொட்டியின் குறுக்குக் கண்ணாடிகள் மேற்பரப்பை ஏறத்தாழ இரண்டடிச் சதுரமுள்ள மூன்று கட்டங்களாகப் பிரிக்கின்றன. பவளத் தொட்டிக்கென்றே செய்த நல்ல ரீஃப் எல்இடி ஒன்று சீராக ஒளியூட்டும் பரப்பும் பெரும்பாலும் அவ்வளவே. எனவே கட்டத்துக்கு ஒன்றாக மூன்று விளக்குகளை, நீர்மட்டத்துக்கு மேல் 25 சென்டிமீட்டர் அளவில் தொங்கவிடுவதே என் பரிந்துரை. குறுகிய கோண லென்ஸ் பொருத்தியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவை ஆழமான தொட்டிக்கானவை.

இன்னொன்று நிறம். கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே உறிஞ்சிவிடுகிறது, நீலம் ஆழத்துக்குச் செல்கிறது. நுண்பாசிகளின் நிறமிகளும் 430 முதல் 480 நானோமீட்டர் வரையிலான நீலத்தை நன்றாக ஈர்க்கின்றன. ஆகையால் நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதியில்லாத விளக்கை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

பதில்: பாறசாலை உப்புநீர்

மேலே நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். வெப்பத்தைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். மூன்று 250 வாட் மெட்டல் ஹாலைடு நாள்தோறும் எட்டு மணி நேரம் எரிந்தால் 6 யூனிட், இருமாதக் கணக்கில் 360 யூனிட். அது தரும் வெப்பத்தை நீரிலிருந்து இறக்கச் சில்லர் என்னும் நீர்குளிர்விப்பான் ஓடும் செலவு தனி. மொத்தம் 450 வாட் கொண்ட எல்இடிகளை 60 விழுக்காட்டில் ஒன்பது மணி நேரம் எரித்தால் நாளுக்கு ஏறத்தாழ 2.4 யூனிட் ஆகும். நீர் 27 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடும் கடும் ஒளியும் சேர்ந்தால் பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும்.

உங்கள் ஊருக்கு எங்களுக்கில்லாத ஒரு வசதி உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோடையில் உலர்ந்தது. நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறிகளை வீசவிட்டால் ஆவியாதலாலேயே இரண்டு, மூன்று டிகிரி இறங்கிவிடும். கடலோர ஈரக்காற்றில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. குறையும் நீருக்கு ஈடாக ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றுங்கள். உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

டி5-ஐக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிழலில்லாமல் சீராக ஒளி பரப்புவதில் அதற்கு இணை அதுவே. ஆனால் குழல்களின் ஒளி மெல்லத் தேய்வதால் ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். பொதுப் பயன்பாட்டு டி5 குழல்களை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சந்தையிலிருந்து விலக்கிய பிறகு, இனிமேல் தொடங்குபவருக்கு அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. எதை வாங்கினாலும், துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி மின்னலை எண்ணி மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள்.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று எல்இடி என்று முடிவு செய்துவிட்டேன். பார் அளவைக் கைப்பேசிச் செயலி கொண்டு பார்க்க முடியுமா? வாங்கிய நாளில் எந்த அளவில் எரிக்க வேண்டும்?

பதில்: நாகர்கோவில் அண்ணாச்சி

தம்பி, கைப்பேசிச் செயலி காட்டுவது லக்ஸ் அளவு. அது மனிதக் கண்ணுக்கேற்ப அமைந்ததால் பச்சை, மஞ்சளுக்கு மிகுதியான மதிப்பும் நீலத்துக்கு மிகக் குறைந்த மதிப்பும் கொடுக்கும். நீலம் மிகுந்த எல்இடியின் கீழ் அதை நம்பினால், ஒளி போதவில்லையென்று கருதிக் கூட்டிக்கொண்டே போவீர்கள். நீருக்குள் இறக்கி அளக்கும் பார் மீட்டரே சரியான கருவி. அபோஜி நிறுவனத்தின் எம்க்யூ-510 அத்தகையது. விலை அதிகமாகையால் வாங்க வேண்டாம், வைத்திருக்கும் அன்பர் ஒருவரிடம் ஒரு நாள் இரவல் கேளுங்கள். மணலிலும் பாறையின் நடுவிலும் உச்சியிலும் குறுக்குக் கண்ணாடிகளுக்கு நேர் கீழும் அளந்து ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால், பிறகு எந்தப் பவளத்தை எங்கே வைப்பது என்று தடுமாற வேண்டியிருக்காது.

தொடக்கத்தில் 35 விழுக்காடு போதும். வாரத்துக்கு ஐந்து விழுக்காடு வீதம் கூட்டுங்கள். காலையில் ஒரு மணி நேரம் மெல்ல ஏறி மாலையில் அதேபோல் இறங்குமாறு டைமரை அமையுங்கள். ஒளி மிகுந்தால் காளான் பவளம் ஓரம் சுருங்கிச் சிறுத்துவிடும், டார்ச் தன் கைகளை உள்ளிழுத்துக்கொள்ளும். குறைந்தால், பொத்தான் போன்ற சிறு பவளமான சோவாந்திட் தன் தண்டை மேல்நோக்கி நீட்டும். இரண்டுக்கும் உடனே விளக்கைத் திருகாதீர்கள். பவளத்தை ஒரு சாண் மேலோ கீழோ நகர்த்தி ஒரு வாரம் பாருங்கள். குறைந்த ஒளியில் பவளம் பல வாரம் தாங்கும். மிகுந்த ஒளியில் சில நாளில் போய்விடும்.

அக்ரோபோரா வாங்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். பாறைப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து வந்தது என்று எவரேனும் மலிவாகக் கொடுத்தால் தொடவே வேண்டாம். முறையான இறக்குமதி ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை காளான் பவளமும் சோவாந்திடும் மணலிலும் பாறையின் அடியிலும் இருக்கட்டும். விளக்கு 60 விழுக்காட்டை எட்டிய பிறகு மேலே ஏற்றிக்கொள்ளலாம்.