ஆம்பியர் மீட்டர் மட்டுமே உள்ள பழைய சார்ஜரை இரவு முழுவதும் இணைத்து வைக்கலாமா?

செம்புக்கம்பி (கேள்வி)

வணக்கம். நெடுநாள் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த காரின் பேட்டரி இறங்கிவிட்டது. மூடிகளைத் திருகித் திறந்து தண்ணீர் ஊற்றக்கூடிய 12 வோல்ட், 60 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி அது, மல்டிமீட்டரில் 11.8 வோல்ட் காட்டுகிறது. வீட்டில் கிடக்கும் பழைய சார்ஜரைக் கொண்டு ஏற்றலாம் என்று நினைக்கிறேன். கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டி. முகப்பில் ஓர் ஆம்பியர் மீட்டர், 6 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் மாற்றுகிற ஸ்விட்ச், சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப்புகள், அவ்வளவுதான். பேட்டரி நிறைந்ததும் தானாக நின்றுவிடும் வசதி அதில் இருப்பதாகத் தெரியவில்லை.

சரிபார்ப்பதற்காக ஒரு கணம் இணைத்தபோது கறுப்பு கிளிப் பட்ட இடத்தில் தீப்பொறி பறந்தது. எனவே தொடர்வதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன்: கிளிப்புகளை எந்த வரிசையில் மாட்ட வேண்டும்? ஏற்றும்போது பேட்டரியின் மூடிகளைத் திறந்து வைக்க வேண்டுமா? இரவு மாட்டிவிட்டுக் காலையில் எடுத்தால் போதுமா?

மின்னோட்டம்

தீப்பொறியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டு கேள்விகளின் விடையும் அதோடு பிணைந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் வகைச் சார்ஜரில் டிரான்ஸ்ஃபார்மரும் அதன் பின்னால் டயோடுகளும் மட்டுமே இருக்கும். சுவரில் உள்ள ஸ்விட்ச் அணைந்திருந்தால், டயோடுகள் பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பி வருவதைத் தடுத்துவிடும் என்பதால் கிளிப்பை மாட்டும்போது பொறி வருவதற்கு இடமில்லை. பொறி வந்தது என்றால், பெரும்பாலும் மின்சாரம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது என்றே பொருள். ஆகவே முதல் விதி, கிளிப்புகள் இரண்டும் உறுதியாகப் பற்றிய பிறகுதான் சுவர் ஸ்விட்சைப் போட வேண்டும் என்பது. எடுக்கும்போது முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சில நிமிடங்கள் காற்றாட விட்ட பிறகே கிளிப்புகளைத் தொட வேண்டும்.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், மின்னேற்றத்தின் பிற்பகுதியில் பேட்டரிக்குள் உள்ள தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. ஒரு செல்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய 2.4 வோல்ட்டை, அதாவது ஆறு செல்லும் சேர்ந்து 14.4 வோல்ட்டை, எட்டும்போது குமிழ்கள் நன்றாகக் கிளம்பத் தொடங்கும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பற்றும். பேட்டரியின் மூடிக்கு அடியில் உள்ள சிறிய வெற்றிடத்திலோ அதைவிடப் பன்மடங்கு செறிவாகவே அது நிற்கும். அங்கே ஒரு பொறி எட்டினால் பெட்டி வெடித்து, அமிலமும் பிளாஸ்டிக் துண்டுகளும் குனிந்து பார்ப்பவரின் முகத்தை நோக்கித்தான் வரும்.

வரிசை என்று கேட்டீர்கள். இந்தப் பழைய சார்ஜரைப் பயன்படுத்துவதாக இருந்தால் பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்து ஏற்றுங்கள் என்பது என் கருத்து. கட்டுப்பாடில்லாத சார்ஜர் இறுதிக் கட்டத்தில் 15, 16 வோல்ட் வரைகூட ஏறிவிடும், அது வண்டியின் மின்னணுப் பாகங்களுக்கு நல்லதல்ல. கழற்றும்போது நெகட்டிவ் கேபிளை முதலில் எடுக்க வேண்டும். பாசிட்டிவை முதலில் தளர்த்த முனைந்தால், ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் உடம்பில் பட்டவுடன் பேட்டரி முழுவதும் அந்த ஸ்பேனர் வழியாகவே ஷார்ட் ஆகும். மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் இவற்றைக் கழற்றி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். 12 வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது, ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் மோதிரம் விரலைப் பொசுக்கிவிடும்.

வெளியே வைத்த பேட்டரியில் சிவப்பு கிளிப்பை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் மாட்டிவிட்டு, ஸ்விட்ச் 12 வோல்ட்டில் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பின் மின்சாரத்தைப் போடுங்கள். பழைய சார்ஜர்களில் மாற்றி மாட்டினால் தடுக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. பேட்டரியின் மேல் உள்ள குறி அழிந்திருந்தால் கேபிளின் நிறத்தை நம்ப வேண்டாம். கார் பேட்டரிகளில் பாசிட்டிவ் முனை நெகட்டிவ் முனையைவிடச் சற்றே தடிமனாக இருக்கும், அதையும் மல்டிமீட்டரையும் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டியிலேயே வைத்து, அதற்கென அமைந்த தானியங்கிச் சார்ஜரால் ஏற்றுபவர்கள் சிவப்பை பாசிட்டிவில் மாட்டிய பிறகு, கறுப்பை பேட்டரியின் முனையில் மாட்டாமல், பெயின்ட் இல்லாத எஞ்சின் உலோகப் பகுதி ஒன்றில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுவார்கள்; பொறி வந்தாலும் அது வாயு இருக்கும் இடத்தில் வராது.

இரவு முழுவதும் வைப்பதைப் பற்றி: 11.8 வோல்ட் என்றால் பேட்டரி ஏறத்தாழக் காலி. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 ஆம்பியர் அளவில் ஏற்றுவது வழக்கம். இழப்பையும் சேர்த்தால் 10 முதல் 12 மணி நேரம் ஆகும். கணக்குப்படி ஓர் இரவு சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஆபத்தான மணி நேரங்கள் கடைசி மணி நேரங்களே, அப்போதுதான் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். பேட்டரி நிறைந்த பிறகும் 5 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால், ஒரு மணி நேரத்தில் ஆறு செல்லிலிருந்தும் சேர்த்து சுமார் 13 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். திறந்த வராந்தாவில் அது காற்றோடு போய்விடும். அடைத்த அலமாரியிலோ கூரை தாழ்ந்த சிறு அறையிலோ போகாது, மேலே தேங்கும்.

ஆகவே பகலில், காற்றோட்டமான இடத்தில் ஏற்றுங்கள். சார்ஜரை பேட்டரிக்கு மேல் வைக்காமல், கேபிள் எட்டுமளவு தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். மணிக்கொரு முறை முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 14.4 வோல்ட்டைத் தாண்டிய பின் அருகிலேயே இருங்கள். அடுத்தடுத்த அளவுகளில் மின்னழுத்தமும் அமிலத்தின் அடர்த்தியும் மேற்கொண்டு உயராமல் நின்றுவிட்டால் ஏற்ற வேண்டியது ஏறிவிட்டது என்று பொருள். இடையில் எப்போதாவது பெட்டியின் பக்கத்தில் கையை வைக்க முடியாத சூடு தெரிந்தால், காரணம் தேடுவதற்கு முன் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகவிடக் கூடாது.

பழையபட்டறை

மேலே சொன்னவை எல்லாம் சரி. மூடிகளை மட்டும் முழுவதும் கழற்றி வைத்துவிட்டால் வாயு தாராளமாக வெளியேறிவிடும், உள்ளே அழுத்தமும் சேராது. அந்தக் காலத்தில் பேட்டரிக் கடைகளில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

அடர்த்திமானி

அந்தப் பழக்கம் இருந்தது உண்மை, ஆனால் இன்றைய பேட்டரிகளுக்கு அதை அப்படியே பரிந்துரைக்க மாட்டேன். மூடியிலேயே வாயு போவதற்கான நுண்துளை இருக்கிறது. பலவற்றில் வெளியே உண்டாகும் தீ உள்ளே பாயாமல் தடுக்கும் நுண்துளைத் தட்டும் வைத்திருப்பார்கள். மூடியை எடுத்துவிட்டால் அந்தத் தடுப்பும் போய்விடுகிறது, குமிழ் உடையும்போது தெறிக்கும் அமிலத் துளிகளும் பேட்டரியின் தலையெல்லாம் படிந்து முனைகளை அரிக்கின்றன. தயாரிப்பாளரின் கையேடு திறக்கச் சொன்னால் ஒழிய மூடிகள் மூடியே இருக்கட்டும்; துளைகள் தூசியால் அடைபடாமல் இருக்கின்றனவா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். துடைப்பதாக இருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த துணி நிலைமின்சாரத்தை உண்டாக்கக்கூடும்.

ஏற்றுவதற்கு முன் ஒரு முறை மூடிகளைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது அவசியம். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மேல் குறி வரை ஊற்றுவதை ஏற்றி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஏறும்போது திரவம் விரிந்து மேலெழும்; முதலிலேயே நிரப்பினால் வழிந்துவிடும். அமிலம் ஊற்ற வேண்டாம். இழந்தது தண்ணீர் மட்டுமே, அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது. இறங்கிய பேட்டரியில் அடர்த்தி குறைவாகக் காட்டுவது அமிலத்தின் ஒரு பகுதி தகடுகளில் சல்ஃபேட்டாகப் படிந்திருப்பதால்தான், ஏற்றினால் அது திரும்பி வரும்.

இந்த வேலைகளை எல்லாம் கண்ணாடி அணிந்து செய்யுங்கள், பார்வைக்கான கண்ணாடி அல்ல, பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. அருகில் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். கண்ணில் துளி பட்டால் இமையை விரித்துப் பிடித்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சமையல் சோடா தரையில் சிந்திய அமிலத்தை முறிப்பதற்கு உரியது, கண்ணுக்கோ தோலுக்கோ அல்ல. வேலை முடிந்ததும் சாப்பிடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முனைகளில் படியும் வெண்பொடியில் ஈயம் இருக்கிறது.

சிமென்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று யாரேனும் சொல்வார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அது பொருந்தாது. சமமான, அசையாத தரையாக இருந்தால் போதும்.

செம்புக்கம்பி

விரிவான விளக்கங்களுக்கு இருவருக்கும் நன்றி. பேட்டரியைக் கழற்றி, வெளியே வைத்து, பகலில் நீங்கள் சொன்னபடியே ஏற்றினேன். ஸ்விட்சை அணைத்த நிலையில் மாட்டியபோது பொறியே வரவில்லை. பிற்பகுதியில் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் ஐந்து செல்களில் குமிழ் நன்றாக வந்தது, ஓரத்தில் உள்ள ஒன்றில் மட்டும் திரவம் அசையாமல் கிடந்தது. ஒரு நாள் ஓய்வில் வைத்துவிட்டு ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியை அளந்தேன்: ஐந்தில் 1.260-ஐ ஒட்டி வருகிறது, அந்த ஓர செல்லில் 1.150 மட்டுமே. ஆனால் மொத்த மின்னழுத்தம் 12.4 வோல்ட் இருக்கிறது. இன்னும் சில மணி நேரம் ஏற்றினால் அந்த செல்லும் மேலே வந்துவிடுமா?

அடர்த்திமானி

வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. செல்களுக்கிடையே 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலே அந்த செல் கெட்டதாகக் கொள்வது வழக்கம், உங்களுடையதில் 0.110 இருக்கிறது. 12.4 வோல்ட்டைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். ஓய்வில் இருக்கும் ஒரு செல்லின் மின்னழுத்தம் தோராயமாக அதன் அடர்த்தியோடு 0.84-ஐக் கூட்டினால் வருவது; ஆகவே 1.150 உள்ள செல்லும் 1.99 வோல்ட் காட்டும், நல்ல செல்லோ 2.10 காட்டும். மொத்தத்தில் வித்தியாசம் பத்தில் ஒரு வோல்ட்தான் தெரியும். சுமை ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும்: முன்விளக்குகளைப் போட்டுவிட்டு அளந்து பாருங்கள், சரசரவென்று இறங்கும்.

மின்னோட்டம்

அதைத் தொடர்ந்து ஏற்றுவது பயனற்றது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. நலிந்த செல்லைத் தூக்கிவிடுவதற்காக ஓட்டும் மின்சாரம் முழுவதும், ஏற்கெனவே நிறைந்துவிட்ட ஐந்து செல்களில் தண்ணீரைப் பிரிப்பதற்கும் சூட்டை ஏற்றுவதற்குமே போகும். அந்த செல் உள்ளுக்குள் முழுவதும் ஷார்ட் ஆகிவிட்டால் பேட்டரி 10.5 வோல்ட் அருகில் நின்றுவிடும். 12 வோல்ட் சார்ஜரோ ஆறு செல்லுக்கு உரிய அழுத்தத்தை ஐந்தின் மேல் செலுத்தும். ஏற்றும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, நச்சு வாயு. அப்போது கிளிப்பை எடுக்க ஓடாமல், தள்ளியுள்ள சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, வெளியே வந்துவிட வேண்டும்.

பேட்டரியை மாற்றிவிடுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல், முனைகளின் மேல் டேப் ஒட்டி, நிமிர்த்திய நிலையிலேயே, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்; அதில் உள்ள ஈயம் உருக்கிப் புதிய பேட்டரிக்கே பயன்படும்.

செம்புக்கம்பி

அப்படியே செய்கிறேன். புதிதாக வாங்குவது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஏஜிஎம் வகையாக (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்து மூடிய பேட்டரி) இருந்தால் இதே சார்ஜரை அவ்வப்போது பயன்படுத்தலாமா?

மின்னோட்டம்

கூடாது. மூடிய பேட்டரிகளில் வாயு உள்ளேயே மீண்டும் தண்ணீராகச் சேரும்படி அமைத்திருப்பார்கள். அதன் வேகத்துக்கு மீறி ஏற்றினால் வால்வு திறந்து வாயு வெளியேறிவிடும், இழந்த தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. சூடு ஏற ஏற அது இழுக்கும் மின்சாரமும் கூடி, பெட்டி உப்பிப்போவதும் உண்டு. ஏஜிஎம்முக்கு 14.4 முதல் 14.7 வோல்ட்டில் கட்டுப்பட்டு, நிறைந்ததும் 13.5 முதல் 13.8 வோல்ட் பராமரிப்பு நிலைக்குத் தானாக இறங்கும் சார்ஜர் வேண்டும். அமிலத்தைக் கூழாக்கி வைத்திருக்கும் ஜெல் வகைக்கு மேல் வரம்பு இன்னும் சற்றுக் குறைவு, ஆகவே சார்ஜரில் வகையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வெப்பநிலைக்கு ஏற்ப மின்னழுத்தத்தைத் திருத்தும் வசதியும் இருந்தால் நல்லது. சூடான இடத்தில் குறைவாகவும் குளிரில் கூடுதலாகவும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரவு முழுவதும் மாட்டி வைப்பதாக இருந்தால் அத்தகைய சார்ஜரை மட்டுமே மாட்டி வையுங்கள், அதையும் காற்றோட்டமான இடத்தில்.