தாத்தாவோட சேவிங் செட்டு: முகத்துக்கா, அலமாரிக்கா?

வைகை வடகரை

"தாத்தாவோட ஜில்லெட் ரேசர் டிரங்குப் பெட்டியில கிடைச்சது. மூணு துண்டா கழலுது, அடியில பச்சையா ஏதோ ஏறியிருக்கு. இதுல சவரம் பண்ணலாமா?" போன வாரம் இங்க வந்த கேள்வி. பதில் சொன்னவங்கள்ல பெரும்பாலானவங்க "நினைவுக்கு ஷோகேஸ்ல வைங்க"ன்னு முடிச்சுட்டாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, அதான் தனி இழை.

ரேசர்ல கூர் போறது பிளேடுக்கு. பிடிக்கும் தலைக்கும் இல்ல. ஜில்லெட்டோட காப்புரிமை 1904. அது 1921-ல தீர்ந்ததும் ஆளாளுக்கு அந்த பிளேடைப் போட ஆரம்பிச்சாங்க, அளவு பொதுவாயிருச்சு. மூணு துண்டு 'டெக்' மாடல் வந்தது 1938, கைப்பிடியைத் திருகினா தலையில ரெண்டு கதவு திறக்கிற 'சூப்பர் ஸ்பீட்' 1947. இன்னைக்குப் பொட்டிக்கடையில தொங்குற டோபாஸ், செவன் ஓ கிளாக் எதை வாங்கினாலும் ரெண்டுலயும் உட்காரும். பிளேடு 0.1 மில்லிமீட்டர் தடிமன். அதை வளைச்சு அசையாம பிடிக்கிறதுதான் தலையோட வேலை. அது கோணாம இருந்தா பேரனுக்கும் ஓடும்.

முதல்ல கழுவணும். மூடி, அடித்தட்டு, கைப்பிடி மூணையும் பிரிச்சு, பாத்திரம் கழுவுற திரவ சோப்பு ரெண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் போடுங்க. அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால மரை, அடித்தட்டு ஓட்டை, தலையோட உள்பக்கம் எல்லாம் தேய்க்கணும். காய்ஞ்ச சோப்பு மஞ்சளா கட்டி தட்டியிருக்கும். அதை மூங்கில் குச்சியால எடுங்க, ஊசி வேணாம், முலாம் கீறும். துடைச்சிட்டு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல பத்து நிமிஷம். செட்டோட வந்த பழைய பிளேடு தாளுக்குள்ள பளபளன்னு இருந்தாலும் தொடாதீங்க.

தோல்நலம்

கழுவும் முறை சரி. கேள்வியே வேறு. புதிதாக ஒரு ரேசர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, யார் கையில் எத்தனை முறை தரையில் விழுந்தது என்று தெரியாத ஒன்றை ஏன் கழுத்தில் வைக்க வேண்டும்?

ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். ரேசர் தலையின் அடியில் சேரும் அழுக்கு வெறும் சோப்பு அல்ல, அதில் தோலும் ரத்தமும் உண்டு. அடுத்தது நிக்கல். பழைய ரேசர்களில் பெரும்பாலும் பித்தளை மேல் நிக்கல் முலாம்தான். கவரிங் கம்மல், கடிகார பக்கிள், ஜீன்ஸ் பொத்தான் பட்டால் அரிப்பவர்களுக்கு இதுவும் அரிக்கும். சவரம் செய்த தோல் ஏற்கெனவே உரசப்பட்ட தோல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைகை வடகரை

7 நாள்னு நீங்களே சொல்றீங்க. பெட்டியில கிடந்தது பல வருஷம். வைரஸ் பயம் நேத்து பழைய சாமான் கடையில வாங்கின ரேசருக்குப் பொருந்தும், வீட்டு ரேசருக்கு இல்ல. நிக்கல் சங்கதியை ஒத்துக்கறேன். கவரிங் ஒத்துக்காதவங்க இதைத் தொட வேணாம்.

செல்லூர் பட்டறை

ரெண்டு பேரும் உலோகத்தைப் பாக்காமலே சண்டை போடுறீங்களே. பித்தளை ரேசர்னா ஒரு பேச்சு, துத்தநாகக் கலவையில வார்த்ததுன்னா வேற பேச்சு. ஜில்லெட் மாதிரியே செஞ்ச மலிவு செட்டு எத்தனையோ வந்திருக்கு, தாத்தா வாங்கினதெல்லாம் பித்தளைன்னு கிடையாது. துத்தநாகத்துல முலாம் ஓட்டையானா உள்ளுக்குள்ளயே அரிக்கும். மேல சின்னச் சின்னக் கொப்புளம் தெரியும். ஒரு நாள் இறுக்கும்போது தலையில இருக்கிற திருகு முறிஞ்சு கையோட வந்துரும். அதைப் பத்தவச்சு ஒட்ட வழி கிடையாது.

காந்தம் வச்சுப் பாக்கச் சொல்லி எங்கயாவது படிச்சிருந்தா மறந்துருங்க. ரெண்டுமே காந்தத்துல ஒட்டாது. தேய்ஞ்ச விளிம்புல, அடித்தட்டு ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. மஞ்சள் தெரிஞ்சா பித்தளை, ஈயச்சட்டி நிறத்துல சாம்பலா இருந்தா துத்தநாகம்.

அதுலயும் சந்தேகம்னா எடை. மதுரை தெற்காவணி மூல வீதியில தெரிஞ்ச நகைக்கடை இருந்தா மில்லிகிராம் கணக்குல காட்டுற தராசு இருக்கும். முதல்ல தலை மூடியை மட்டும் எடை போடுங்க. அப்புறம் தராசு மேல ஒரு சின்ன டம்ளர்ல தண்ணி வச்சு, தராசை பூஜ்யம் ஆக்கிட்டு, அதே மூடியை நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள முழுசா முங்கவிடுங்க. அடியிலயும் பக்கத்துலயும் படக்கூடாது. நூல் கையில இருக்கணும். இப்பத் தராசு காட்டுற எண்ணால முதல் எடையை வகுங்க. 10 கிராம் மூடிக்கு 1.2 பக்கம் காட்டினா விடை 8.3 கிட்ட வரும், பித்தளை. 1.5 காட்டினா 6.7 கிட்ட, துத்தநாகக் கலவை. மூடியில காத்துக்குமிழி ஒட்டியிருந்தா கணக்கு கெட்டுரும், விரலால தட்டிவிடுங்க. கைப்பிடியை இப்படிப் பாக்காதீங்க, பல மாடல்ல உள்ளே பொந்து.

மாடக்குளம் வாசி

அந்தப் பச்சை என்ன? புளி போட்டுத் தேய்ச்சா போயிராதா? வீட்டுல குத்துவிளக்கே அப்படித்தானே விளக்குறோம்.

செல்லூர் பட்டறை

அது களிம்பு. முலாம் போன இடத்துல உள்ள இருக்கிற பித்தளை வெளிய வந்திருக்குன்னு அர்த்தம்.

புளி, எலுமிச்சை, வினிகர், பித்தளை விளக்குற பொடி எல்லாம் குத்துவிளக்குக்குச் சரி, ஏன்னா அது முழுப் பித்தளை. ரேசர்ல மேல இருக்கிறது காகிதத்தை விட மெல்லிசான முலாம். பொடி அதைத் தேய்ச்சு எடுத்துரும். புளியில ஊறப் போட்டா வெளிய தெரியிற பித்தளை இளஞ்சிவப்பா மாறும், மேல இருக்கிற துத்தநாகம் கரைஞ்சு செம்பு மட்டும் நிக்கும். பாக்க அழகா இருக்குன்னு சில பேர் சந்தோஷப்படுறாங்க. கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

களிம்புக்கு ஒரு துணியில துளி தையல் மெஷின் எண்ணெய் வச்சு ராத்திரி முழுக்க விட்டு, காலையில மூங்கில் குச்சியால சுரண்டுங்க. அடம்பிடிச்சா ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணி கலந்து, பஞ்சால அந்த இடத்துல மட்டும் தொட்டு ஒரு நிமிஷம், உடனே சோப்புத் தண்ணி. தங்க நிற ரேசருக்கு இதுவும் வேணாம். அந்தத் தங்கம் பேருக்குத்தான், துணியில அழுத்தித் துடைச்சாலே போகும்.

வைகை வடகரை

தேங்காய் எண்ணெய் போதுமே அண்ணே, வீட்டுலயே இருக்கு.

செல்லூர் பட்டறை

வேணாம். நாள்பட்டா சிக்குப் பிடிச்சுப் பிசினாயிரும். கதவு திறக்கிற மாடல்ல அந்தப் பிசின்தான் கீல்ல போய் மாட்டும். பல பேர் "ஜாம் ஆயிருச்சு"ன்னு கொறடு வச்சுத் திருகி உடைக்கிறது அதனாலதான்.

உஸ்தரா திருமங்கலம்

கடையில நாங்க ஆளுக்கு ஆள் புது பிளேடு, அதுவும் பாதியா ஒடிச்சதுதான் போடுறோம். அதனால சொல்றேன், செட்டைக் குறை சொல்லாதீங்க. வெட்டுறதுல பாதி தண்ணியால வர்றது, பாதி கையால.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணியில சோப்பு நல்லா நுரைக்கும். போர்த் தண்ணி உப்பா இருக்கிற ஏரியாவுல தண்ணியில இருக்கிற கால்சியம் சோப்போட சேர்ந்து திரி திரியா படியும். அது வழவழப்பு கிடையாது, வெறும் அழுக்கு. பிளேடு காய்ஞ்ச தோல்ல ஓடுது, அப்புறம் "தாத்தா செட்டு பிடுங்குது"ன்னு புலம்பல். நுரைக்கு மட்டும் ஒரு கிண்ணம் குடிதண்ணி எடுங்க, போதும். அதுவும் இல்லன்னா போர்த் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆறவிட்டுத் தெளிஞ்சதை எடுங்க, உப்பு ஓரளவு இறங்கும்.

பிரஷ்ஷை நனைச்சு, உதறி, சோப்பு மேல அரை நிமிஷம் சுத்தி, முகத்துல வட்டமா தேய்ங்க. முள்ளு நிமிரணும். முதல் ஒரு மாசம் முடி சாயிற பக்கம் மட்டும் ஒரு தடவை, அவ்வளவுதான். எதிர்ச் சவரம் அப்புறம். கன்னத்துல முடி கீழ்நோக்கிப் போகும், கழுத்துல பல பேருக்குப் பக்கவாட்டுல போகும். தாடி ரெண்டு நாள் வளந்ததும் விரலால நாலு பக்கமும் தடவிப் பாருங்க, சொரசொரன்னு தட்டுற பக்கம் எதிர்ப்பக்கம்.

கைப்பிடியைக் கன்னத்துக்கு நேர் குத்தா வச்சு, மூடி மட்டும் தோல்ல படட்டும். அப்படியே கைப்பிடியை மெதுவா இறக்கிட்டு வாங்க. பிளேடு தொடுற இடத்துல நிறுத்துங்க. ஏறக்குறைய 30 டிகிரி. இழுவை ரெண்டு விரக்கடைக்கு மேல வேணாம். அழுத்தக் கூடாது. கார்ட்ரிட்ஜ் (தலையோட சேர்த்து மாத்துற ரேசர்) பழகின கை தன்னால அழுத்தும், அதைத்தான் முதல்ல மறக்கணும்.

தோல்நலம்

நல்ல விளக்கம். ஆனால் இதுவே என் கட்சிக்கும் சாட்சி. இவ்வளவு கவனம் வேண்டிய கருவியை எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், கை நடுங்குபவர், முகம் நிறையப் பருவோடிருப்பவர் ஆகியோருக்கு மின்சார டிரிம்மர் போதும். சுருட்டை முடிக்காரர் எதிர்ச் சவரமே செய்ய வேண்டாம். மழுங்க வெட்டிய முடி தோலுக்குள் வளைந்து கொப்புளமாகும்.

மற்றவர்களுக்கும் ரேசர் நேராக இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? கழுவிவிட்டால் மட்டும் வளைந்தது நிமிராது.

வைகை வடகரை

சொல்ல முடியும். புது பிளேடைப் போட்டு விரலால இறுக்குங்க. கொறடு வேணாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிர்ல, தலையைக் கண் மட்டத்துல பிடிச்சு, பக்கவாட்டுல இருந்து பாருங்க. பிளேடு ஓரத்துக்கும் கீழ இருக்கிற தடுப்புக் கம்பிக்கும் நடுவுல ஒரு வெளிச்சக் கோடு தெரியும். ரெண்டு பக்கமும் ஒரே அகலத்துல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சமமா இருக்கணும். ஒரு பக்கம் அகலம்னா அரைச்சுத்து தளர்த்தி, பிளேடோட ரெண்டு முனைகள்ல, கூர் இல்லாத குட்டைப் பக்கத்துல பிடிச்சு நேராக்கி மறுபடி இறுக்குங்க. பிளேடு ஓட்டைக்கும் முளைக்கும் நடுவுல கொஞ்சம் ஆட்டம் உண்டு, பாதிக் கோணல் அதனாலதான் வரும்.

அப்பவும் ஒரு மூலை மட்டும் அகலமா இருந்தா அடித்தட்டு விழுந்து வளைஞ்சிருக்கு. அந்த ரேசர் ஷோகேஸுக்குத்தான். இதுல உங்க கட்சிக்கே வர்றேன்.

கைப்பிடி கழுத்துலயும் பாருங்க. பொந்துக் கைப்பிடியில முடி மாதிரி மெல்லிசா நீளவாக்குல விரிசல் ஓடும். நகத்தை வச்சு சுத்திவர இழுத்தா தட்டும். கைப்பிடி மட்டும் போச்சுன்னா வேற கைப்பிடி மாட்டலாம், ஆனா விரலால திருகும்போதே மரை ஏறணும். முரண்டு பிடிச்சா விட்டுருங்க, தலையோட மரை போயிரும்.

முலாம் முழுக்கப் போயிருந்தா நம்ம ஊர்ப் பட்டறையில நிக்கல் போட்டுக்கலாம்.

செல்லூர் பட்டறை

அதை மட்டும் யோசிச்சுச் செய்யுங்க. நிக்கல் போடுறதுக்கு முன்னாடி பழைய முலாமை எடுத்து, பஃப் சக்கரத்துல பாலிஷ் போடுவாங்க. சக்கரத்துக்கு ரேசர்னு தெரியாது. தடுப்புக் கம்பியோட விளிம்பை மழுக்கிரும், இடைவெளி மாறிரும், பிளேடு கூடுதலா வெளிய நிக்கும். பளபளன்னு வந்து கன்னத்தைக் கிழிக்கும். மரைக்குள்ள முலாம் ஏறினா திருகவும் வராது. போட்டே ஆகணும்னா "தலையும் அடித்தட்டும் கையால மட்டும் பாலிஷ், மரைக்கு மெழுகு"ன்னு சொல்லி, அவங்க ஒத்துக்கிட்டா குடுங்க. வெளிய தெரியிற பித்தளை சவரத்துக்கு இடைஞ்சல் இல்ல. ஒவ்வொரு தடவையும் உலர்த்தினா களிம்பு வராது.

உஸ்தரா திருமங்கலம்

உலர்த்துறதுன்னா துண்டால பிளேடைத் துடைக்கிறது இல்ல, கூர் போயிரும். கழுவி, உதறி, கைப்பிடியை அரைச்சுத்து தளர்த்தி நிமிர்த்தி வைங்க. பிளேடு மூணுலருந்து அஞ்சு சவரம். இழுக்குதுன்னு தோணினா அன்னைக்கே மாத்துங்க. முடிஞ்சதும் படிகாரத்தை நனைச்சுத் தடவி, ஒரு நிமிஷம் விட்டுக் கழுவுங்க. எங்க எரியுதோ அங்க அழுத்தியிருக்கீங்க.

பழைய பிளேடை அப்படியே குப்பையில போடாதீங்க. மூடி போட்ட டின்னுல உண்டியல் மாதிரி ஒரு கீறல் போட்டு உள்ள தள்ளுங்க. குப்பை பிரிக்கிறவங்க கையும் தெருவுல மேயிற மாட்டு வாயும் தப்பிக்கும்.

மாடக்குளம் வாசி

அடியில ஏ 2-ன்னு அச்சு இருக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருக்கிற வீடு. ஆளுக்கொரு பிளேடு, செட்டு மட்டும் பொது. சரிவருமா?

வைகை வடகரை

அமெரிக்கத் தயாரிப்புன்னா எழுத்து வருஷம், எண் காலாண்டு. ஏ 2 என்றால் 1955, இரண்டாம் காலாண்டு. பிளேடு தனித்தனின்னா, நடுவுல ஆல்கஹால்ல பத்து நிமிஷம் போட்டா போதும்.

தோல்நலம்

போதாது. பத்து நிமிடத்தைக் காலையில் அலுவலகம் கிளம்புகிறவர் ஊற வைக்க மாட்டார், குழாயில் காட்டிவிட்டுக் கொடுப்பார். நான் மேலே சொன்ன 7 நாள் கணக்கு இங்கேதான் பொருந்தும், தாத்தா விட்டுப்போன அழுக்குக்கு அல்ல. ஒருவர் தாத்தாவுடையதை எடுத்துக்கொள்ளட்டும், மற்றவருக்குப் புதியது வாங்குங்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.