பொருள்: ‘நீதிப்புனராய்வு’ – வேறு சொல் உண்டா? (அவசரம்)

திருச்சி, ஆசிரியை:
வணக்கம். இளங்கலை அரசியல் அறிவியல் மாதிரி வினாத்தாள் நாளை காலை அச்சுக்குப் போகிறது. சட்டமும் அரசாணையும் அரசியலமைப்புக்குப் பொருந்துகின்றனவா என்று நீதிமன்றம் பார்க்கும் அதிகாரத்துக்கு ‘நீதிப்புனராய்வு’ என்றுதான் நடத்துகிறேன். சென்ற தேர்வில் பாதிப் பேர், நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொள்வது என்று எழுதிவிட்டார்கள். ஒரு மாணவர் மூன்று சுழி ‘ண’ போட்டு ‘நீதிப்புணராய்வு’ என்று எழுதியிருந்தார். விடைத்தாள் திருத்தும் அறையில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

மதுரை, வழக்கறிஞர்:
பிள்ளைகள் மேல் தவறில்லை. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பையே திரும்பப் பார்ப்பது நம் அரசியலமைப்பின் 137ஆம் பிரிவு. அதை நாளிதழ்கள் ‘சீராய்வு’ என்றும் ‘மறுஆய்வு’ என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. நீங்கள் கேட்பது 13, 32, 226 ஆகிய பிரிவுகளின் வழி வருவது. அங்கே அடுத்தவர் செய்ததைப் பார்க்கிறார்கள். ‘நீதிமன்றத் தணிக்கை’ எனலாமே?

தஞ்சை, புலவர்:
தணிக்கை என்றால் திரைப்படமும் கணக்குப்பிள்ளையும்தான் நினைவுக்கு வருவார்கள். ‘புனர்’ வடசொல், அதுவும் வேண்டாம். தெரி, தேர், தேர்ச்சி, தேற்றம் என்று ஒரு குடும்பமே நம்மிடம் இருக்கிறது. கண்ணகி ‘தேரா மன்னா’ என்றது எதை? ஆராயாமல் பிறந்த ஆணையை. குறளில் ‘முறை’ என்பது நீதி. ஆகவே ‘முறைத்தேர்வு’.

மதுரை, வழக்கறிஞர்:
ஐயா, மாணவர்கள் எத்தனை மதிப்பெண் தேர்வு என்று கேட்பார்கள். ‘முறை’ என்றால் எங்கள் பக்கம் மாமன் முறை, மச்சான் முறை. போகட்டும், பாண்டியனிடம் ஆட்சியும் நீதியும் ஒரே கையில் இருந்தன; அவன் ஆணையைப் பார்க்க இன்னொரு கை இல்லை. 50ஆம் பிரிவு பிரிக்கச் சொல்வது அந்த இரண்டையும்தான்.

யாழ்ப்பாணம்:
நாங்கள் ‘மீளாய்வு’ என்று எழுதிப் பழகியவர்கள். ஆனால் மீள், மறு, புனர் மூன்றுமே எங்கள் சட்டங்களுக்குப் பொருந்தாது. 1978 அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரைப்படி, நிறைவேறிச் சான்றுரை பெற்ற சட்டத்தின் வலிதை (செல்லுபடியை) எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. சட்டமூலமாக (உங்கள் மசோதா) இருக்கும்போதே உயர் நீதிமன்றம் பார்த்துவிட வேண்டும். (எங்கள் உயர் நீதிமன்றம் உங்களுக்கு உச்ச நீதிமன்றம், அந்தச் சண்டை வேறொரு நாளைக்கு.) பிறக்காத பிள்ளைக்கு மறுபிறவி ஏது? வெறுமனே ‘நீதிமன்ற ஆய்வு’ போதுமே.

மதுரை, வழக்கறிஞர்:
‘ஆய்வு’ என்றால் நீதிபதி சிறைச்சாலைச் சமையலறையைப் பார்வையிடப் போனதுபோல் இருக்கிறது.

திருச்சி, ஆசிரியை:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். ‘சட்டங்களையும் அரசாணைகளையும் நீதிமன்றம் ஆராயும் அதிகாரம்’ என்று நீட்டி எழுதி, அடைப்புக்குறிக்குள் பழைய சொல்லையே போட்டுவிட்டேன். இரண்டு சுழி ‘ன’ என்று தொலைபேசியிலும் சொல்லியாயிற்று.

தஞ்சை, புலவர்:
என் மறுப்பு அப்படியே இருக்கிறது. ‘தேர்’ பற்றி இன்னும் நான்கு பக்கம் உள்ளன, நாளை அனுப்புகிறேன்.