நெய்யூர்ப் பக்கத்து முன்னோரின் ஆங்கிலப் பெயர்: மூலத்தை எங்கே தேடுவது?

கேள்வி (நெய்யூர் வாசகர்):
எங்கள் பாட்டாவின் பாட்டா லண்டன் மிஷன் சபையில் உபதேசியாராக (மிஷனரிகளின் கீழ் சபைக்கு வேதம் போதித்த உள்ளூர் ஊழியராக) இருந்தவர். நெய்யூருக்கு அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லில் ஓர் ஆங்கிலேயக் குடும்பப் பெயரும், அதன் கீழே ‘உபதேசியார், கொல்லம் 1052 மாசி’ என்ற வரியும் மட்டுமே இப்போது வாசிக்கும்படி இருக்கின்றன. அந்தப் பெயரை வைத்து, அவர் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் மகன் என்றே எங்கள் குடும்பத்தில் சொல்லி வருகிறார்கள். தொண்ணூறு வயதை நெருங்கும் என் பெரிய அத்தை, தம் காலத்திலேயே உண்மை தெரிய வேண்டும் என்று விரும்புகிறார். அந்த உபதேசியார் பிறந்த ஊரும் அவருடைய பெற்றோர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. விவரம் அறிந்த பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (நாகர்கோவில் வாசகர்):
ஐயா, அந்தப் பெயர் ஒன்றையே இரத்த உறவுக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். 1806-இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடியில் தொடங்கிய லண்டன் மிஷன் பணி, அவருக்குப் பின் வந்த மிஷனரி மீட் ஐயரின் காலத்தில் நாகர்கோவிலிலும், 1828 முதல் நெய்யூரிலும் வேரூன்றியது. அக்காலத்தில் இங்கிலாந்திலுள்ள ஒரு சபையோ தனி நபரோ இங்குள்ள உபதேசியாரின் சம்பளத்தையோ போர்டிங் பள்ளிப் பிள்ளையின் செலவையோ ஏற்றுக்கொண்டால், அந்தக் கொடையாளியின் பெயரையோ அவர்கள் மதித்த போதகரின் பெயரையோ இவர்களுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. பனையேறிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை முழு ஆங்கிலப் பெயரோடு வளர்ந்தது அப்படித்தான். உதவி பெற்றதற்கு விலையாகச் சொந்தப் பெயரை இழந்தவர்கள் அவர்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

முதலில் உங்கள் சேகரத்து (சபை வட்டாரத்து) ஆயரிடம் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைக் காட்டும்படி கேளுங்கள். திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆங்கில ஆண்டை அறிய ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் அதனுடன் கூட்ட வேண்டும். எனவே உங்கள் கல்லிலுள்ள மாசி, 1877 பிப்ரவரி–மார்ச் ஆகும். மிஷனரிகள் லண்டனுக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் அங்குள்ள சோவாஸ் (SOAS) என்ற கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கின்றன. யார் பணத்தில் எந்த உபதேசியார் பணிசெய்தார் என்பதை அவற்றில் தேடலாம்.

பதில் (தக்கலை வாசகர், ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்):
சபைப் பதிவேட்டில் கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம், நிலம் பேசும். 1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால், பழைய ஆதாரங்களில் (நிலப் பத்திரங்களில்) ஏராளமானவை மலையாளத்தில் உள்ளன. எழுதிக் கொடுப்பவரின் தகப்பனார் பெயர், வீட்டுப் பெயர், ஊர், பகுதி எல்லாம் அவற்றின் தொடக்கத்திலேயே வரும். கொடையாளி தந்த பெயரைச் சபையில் எழுதியவர்கள்கூட, சொத்து விவகாரத்தில் ‘இன்னார் மகன்’ என்று பிறப்புப் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கக்கூடும். ஆதாரத்தில் சொல்லப்படும் முன் ஆதாரத்தின் எண்ணைப் பிடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனு கொடுத்துக்கொண்டே பின்னோக்கிப் போக வேண்டும். அதற்கும் முந்தைய அரசு ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ஆவணக் காப்பகம் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அத்தையின் பெட்டியில் மலையாள ஆதாரம் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. ‘விளை’ என்று முடியும் ஓர் இடப்பெயரை மட்டும் அத்தை அடையாளம் கண்டு சொன்னார். அது இப்போது எங்களிடம் உள்ள நிலம் அன்று.

பதில் (தக்கலை வாசகர்):
அப்படியானால் அதுவே அந்த உபதேசியாரின் பிறந்த இடமாகவோ தாய்வழிச் சொத்தாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. முதல் பக்கத்தையும், நான்கு எல்லைகளைச் சொல்லும் பக்கத்தையும் நிழலில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். தாள் மடிப்பில் கிழியும் நிலையில் இருந்தால் முழுவதுமாக விரிக்க வேண்டாம். எல்லைக்காரர்களின் குடும்பத்தார் இன்றும் அந்த ஊரில் இருப்பார்களானால், உங்கள் பாட்டாவின் பழைய வீட்டுப் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.