புதுப்பிப்பு: தங்கச்சிக்கு தாம்பரத்தில் இடம் கிடைத்துவிட்டது

இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முடித்த தங்கச்சி, தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சமூகப்பணி முதுகலை படிக்க முடியுமா, நாங்கள் இந்துக்கள், அது தடையா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சமயம் தடையாக இல்லை. சிக்கல் பத்திரங்களில்தான். பட்டச் சான்றிதழை இலங்கை வெளிநாட்டு அமைச்சில் உறுதிப்படுத்தச் சொல்லி இங்கே பதில் எழுதிய அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது. கண்டியிலேயே அந்த அமைச்சின் கொன்சியூலர் அலுவலகம் இருப்பதால் கொழும்புக்கு அலையவில்லை. அப்புறம் இந்தியப் பல்கலைக்கழகச் சங்கத்தின் சமநிலைச் சான்றிதழ், அதாவது நம் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் சான்று. அதற்குச் சீக்கிரமே விண்ணப்பியுங்கள், நாங்கள் பிந்திவிட்டோம்.

மாணவர் விசா 180 நாளுக்கு மேல் என்றால் போய் இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இதை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

எதிர்பாராதது களப்பணி. வகுப்போடு சேர்த்து வாராவாரம் வெளியே போகிறாள். வீடு வீடாகப் போய்ப் பேசுவது அவளுக்குப் புதிதில்லை. மலையகத்துப் பொகவந்தலாவையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் கொழுந்து பறிக்கும் அம்மாக்களோடு பேசி வளர்ந்தவள். சென்னையில் அவள் போகும் குடியிருப்புகளிலும் தண்ணீர்க் குழாயடியில்தான் உண்மையான கதை வருகிறதாம். படித்து முடித்துத் தோட்டத்துக்கே திரும்புவேன் என்கிறாள்.